கருவேலத்துக்கு விழுந்து கும்பிட்ட தலைவர்

கூட்டம் சேர்ப்பதில் நான் கெட்டிக்காரன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நெடுஞ்சாண்கிடையாக விழுந்துதான் கற்றேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அரியலூரில் நாலு பேர் சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் குழு வைத்திருந்தோம். லெட்டர்பேடு அச்சடித்தவன் நான் என்பதால் நானே தலைவர். (வேறு தகுதி எதுவும் யாரும் கேட்கவில்லை.) மழை தவறிக்கொண்டே வந்த வருடங்கள் அவை. விக்கிரமங்கலம் பக்கத்தில் ஓர் ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம். மழைக்காலத்துக்குள் அதை வெட்டி, வரத்து வாய்க்காலைத் திறந்தால்தான் பெய்கிற கொஞ்சமும் தங்கும். அதற்கு ஊரே இறங்க வேண்டும். டீக்கடையில் நோட்டீஸ் ஒட்டினோம். ஊரில் ஒருவரிடமும் பேசவில்லை. நோட்டீஸ்தான் அவ்வளவு விவரமாக இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை காலை போய் இறங்கினால் ஏரியில் ஈ காக்கை இல்லை. தலைவர் சோர்ந்துவிடலாமா? கூட வந்த போட்டோகிராபரை நிற்கவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே ஒரு கிளையை வெட்டினேன்.

கரையில் பத்துப் பேர் முளைத்தார்கள். முன்னால் நின்றவர் அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி செல்வி அக்கா.

"தம்பி, அருவாளக் கீழ போடுங்க. முந்தாநேத்துதான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கு. திருவிழா முடியிற வரைக்கும் பச்ச மரத்துல அருவா படக் கூடாது."

எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் ஊரிலும் இதேதான். ஊர் எல்லையில் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தை வண்டியில் வரும்போது பார்த்தேன். நமக்குத்தான் வரவேற்பு என்று நினைத்துவிட்டேன்.

சமாளிக்கப் பூமி சூடாவதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். செல்வி அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"பூமி சூடாவுறது இருக்கட்டும். ஆத்தா சூடானா யாரு பதில் சொல்றது?"

புள்ளிவிவரத் தாளைப் புரட்டிப் பார்த்தேன், அதில் ஆத்தா வரவில்லை. வெட்டிய இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட வேண்டும் என்று தீர்ப்பானது. ஒழிக்க வந்த மரத்தின் காலடியிலேயே விழுந்தேன். கீழே கிடந்த முள்ளெல்லாம் வயிற்றில் ஏறியது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. போட்டோகிராபர் கடமை தவறாதவர், அதையும் எடுத்துவிட்டார்.

எழுந்தபோது கரையே சிரித்துக்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் பக்கத்தில் வந்தார்கள். ஒருவர் முள் எடுக்க ஊக்கு கொடுத்தார். அப்போதுதான், அந்த ஊரில் முதல் முறையாக, பேச்சை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். எப்போது வந்தால் தோதுப்படும்? செல்வி அக்காதான் சொன்னார்.

"திருவிழாக் கடைசியில மஞ்சத்தண்ணி வெளையாட்டு முடிஞ்ச மறுநா வாங்க. திருப்பூருக்கு வேலைக்குப் போனதுங்க எல்லாம் அன்னிக்கு ஊர்லதான் இருக்கும். வூட்டுக்கு ஒரு ஆளு. நான் சொல்றேன்."

சொன்னபடியே வந்தார்கள். மூன்றே நாளில் வாய்க்கால் கண்ணில் பட்டது. ஐப்பசியில் ஏரி நிரம்பியது. அதன்பின் பல ஊர் ஏரிகளில் இறங்கிவிட்டோம். எங்கும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. முதலில் செல்வி அக்கா மாதிரி ஒருவரைத் தேடிப்போய், உங்கள் ஊருக்கு எந்த நாள் தோது என்று கேட்போம். கூட்டம் தானாக வரும்.

நான் விழுந்து கிடக்கும் அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. (மாட்டியது நானல்ல, மனைவி.) முருங்கைக் கிளை கழிக்க அரிவாளை எடுத்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"செல்வி அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வெட்டுங்க."

கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன்.