கதைக்குத் தகுதிச் சான்று

மனிதர்களில் கதை சொல்கிறவர்கள் உண்டு, கதை கேட்கிறவர்கள் உண்டு, கதை விடுகிறவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டத்திலும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. கதைப் பரிசோதகர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எந்த ஊராக இருந்தாலும் சரி, நாலு பேர் கூடிக் கதை பேசுகிற இடத்தில் ஐந்தாவது நாற்காலியில் இவர் உட்கார்ந்திருப்பார். கையில் பென்சில் இருக்கும். அவர் எழுதிய கதை மட்டும் இருக்காது.

நார்வேயில் உள்ள எங்கள் மோல்டே ஊருக்கு வாய்த்தவர் சிக்வார்ட். முப்பத்தொரு வருடம் வாகனச் சோதனை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ள கார்களுக்கு அடியில் எல்லாம் டார்ச் விளக்கோடு படுத்து எழுந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு படுப்பதற்குக் கார் இல்லாமல் தவித்து, நூலகத்து மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் எங்கள் கதை வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரம் கேட்டார், இரண்டாம் வாரம் ஏதோ ஒரு கையேட்டைப் படித்தார், மூன்றாம் வாரம் ஒரு அட்டையோடு வந்தார்.

அட்டையில் ஆறு கட்டங்கள். மாந்தர், களம், பின்னல், முரண், கோணம், கரு. சிறுகதையின் அடிப்படைகள் இவ்வளவுதான் என்று அந்தக் கையேட்டில் கண்டு, அதை அழகாக அச்சடித்து, காபி சிந்தினாலும் கெடாதபடி பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தார். யாராவது கதை வாசித்தால் ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக்கொண்டே வருவார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போச்சு.

"பிரேக் இல்லாத வண்டியையும் முரண் இல்லாத கதையையும் நான் ரோட்டுல விடமாட்டேன்" என்பார்.

கூடவே ஒரு விதியும் கொண்டுவந்தார். கதையை வாசித்து முடித்தவர், மற்ற எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. வண்டியைச் சோதிக்கும்போது வண்டி பேசுமா? நாங்களும் ஒப்புக்கொண்டோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதிர்த்துப் பேச வராது. ஒரு கதை சகிக்கவில்லை என்றால் "ம்ம், சுவாரஸ்யமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாஃபிளைக் கடிப்போம். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவில் மனதில் பட்டதை நேரே சொல்கிற ஒருவர் வந்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருக்கும்.

ஆர்ன்ஃபின்னுக்கு அந்த மரியாதை நாலு வாரத்தில் தீர்ந்துவிட்டது. ஆர்ன்ஃபின் பழைய ஃபெர்ரி கேப்டன். மூடுபனியில் ஃபெர்ரி பாறையில் மோதுகிற கதை ஒன்று எழுதி வந்தார்.

"முரண் எங்கய்யா?" என்றார் சிக்வார்ட்.

விதியை மறந்து ஆர்ன்ஃபின் வாயைத் திறந்துவிட்டார். "ஃபெர்ரி பாறையில மோதுதே, போதாதா?"

"அது விபத்து. உன் கேப்டனுக்கு என்ன வேணும்?"

"கரைக்குப் போகணும்."

"கரைக்கு எல்லாருந்தான் போகணும். இவனுக்குன்னு தனியா என்ன வேணும்? அதுக்குக் குறுக்க எது நிக்குது? அதைச் சொல்லு."

ஆர்ன்ஃபின் திருத்தினார். மறுபடி திருத்தினார். நாலாவது தடவை எழுதி வந்தபோது கேப்டன் தன் தந்தையைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தார், ஃபெர்ரி துறையை விட்டுக் கிளம்பவே இல்லை. சிக்வார்ட் ஆறு கட்டத்துக்கும் டிக் போட்டுக் கைகுலுக்கினார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொல்வது எதுவும் தப்பு கிடையாது. அதுதான் தொல்லையே. முரண் என்றால் சண்டை இல்லை, ஒருவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது, குறுக்கே ஏதோ நிற்கிறது, அவ்வளவுதான் என்று அவரிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். கற்றதை நான் வைத்துக்கொண்டேன். அவரோ அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, சாலையில் மூஸ் மான் குறுக்கே வந்து கார் நொறுங்கிய கதையைச் சொன்னால், "வீட்டுலேர்ந்து கிளம்பினதெல்லாம் எதுக்கு? மூஸ்லேர்ந்து தொடங்குங்க" என்பார். பல் மருத்துவர் சொல்லும் விடுமுறைக் கதையில் களம் வலுவாக இல்லை என்று, வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கையால் சைகை காட்டுவார். போன இலையுதிர் காலத்தில் ஒரு இறுதிச் சடங்கு முடிந்து தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது என் காதில் மெல்லச் சொன்னார்: "பாதிரியார் தொடக்கத்தை நல்லாப் பண்ணிட்டாரு. முடிவுதான் எதிர்பார்த்த மாதிரியே இருந்துச்சு."

இறுதிச் சடங்கில் வேறு என்ன முடிவை ஐயா எதிர்பார்த்தீர்கள்?

நீங்களாவது ஒரு கதை எழுதுங்களேன் என்று யாராவது கேட்டால், "நான் இன்னும் அடிப்படையில இருக்கேன்" என்பார். ஏழு வருடமாக அடிப்படையில் இருக்கிறார்.

இப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருப்பவர் கதி என்ன என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி தூர்ஹில்ட் வட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். படிக்கலாமா?"

"நீயா?" என்றார் சிக்வார்ட். முகமெல்லாம் சந்தோஷம். அட்டையை எடுத்து நேராக வைத்தார். "தாராளமாப் படி. ஆனா புருஷன்னு சலுகை எதிர்பார்க்காதே."

"எதிர்பார்க்கல" என்றார் தூர்ஹில்ட்.

கதை இதுதான். ஒரு பெண்ணுக்கு அக்குளில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்ச் சோதனை முடிவை வாங்கிக்கொண்டு வருகிறாள். அதைக் கணவனிடம் சொல்ல வேண்டும். கணவன் பேண்டு வாத்தியக் குழுவை நடத்துகிறவன். முதல் நாள் அவள் தொடங்குகிறாள், அவன் விரலை உயர்த்தி, "ரொம்ப மெதுவா வர்றே, வேகத்தைக் கூட்டு" என்கிறான். இரண்டாம் நாள், "குரல் நடுங்குது, மறுபடி முதல்லேர்ந்து" என்கிறான். மூன்றாம் நாள் அவள் வாயைத் திறக்கும் முன்பே மேசையில் தாளம் தட்டுகிறான். அவள் ஆஸ்பத்திரிக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிடுகிறாள். காலையில் அவன் வந்து கதவைத் திறந்து பால் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகிறான்.

அவ்வளவுதான் கதை. யாரும் வாஃபிளைத் தொடவில்லை. வழக்கமாக வாஃபிள் சுடுகிற யோருன் கையில் கரண்டியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

சிக்வார்ட் பென்சிலைக் கூராக்கினார். "களம் சரி. சமையலறை, ஃப்ரிட்ஜ், பால், எல்லாம் கண்ணுல தெரியுது. ஆனா முரண் எங்க? யாரும் குரலைக்கூட உயர்த்தல. அப்புறம் அந்தப் புருஷன். தட்டையான பாத்திரம். நம்ப முடியல. பெண்டாட்டி மூணு நாளா எதையோ சொல்ல வர்றா, ஒரு மனுஷன் காதுல விழாம இருப்பானா? இப்படி ஒரு மரக்கட்டை உலகத்துல உண்டா?"

நான் காபிக் குடுவையைப் பார்த்தேன். யோருன் கரண்டியைப் பார்த்தாள். தூர்ஹில்ட் விதிப்படி வாயை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம் முடிவு. காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு வாசகனுக்குச் சொல்லவே இல்ல. இது ஏமாத்து வேலை."

"யோவ் சிக்வார்ட்" என்றார் ஆர்ன்ஃபின். ஃபெர்ரியில் ஆணையிடுகிற குரல் அது. "முரண் இருக்குய்யா. அவளுக்கு ஒண்ணு சொல்லணும். குறுக்க ஒரு ஆள் நிக்கிறான்."

"எந்த ஆள்?"

"நீயே பாரு."

சிக்வார்ட் அட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியின் கோட்டைப் பார்த்தார். பென்சில் நான்காவது கட்டத்தின் மேல் நின்றுவிட்டது. அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

"தூர்ஹில்ட்" என்றார். "நம்ம ஃப்ரிட்ஜ்ல ஏதாவது ஒட்டியிருக்கா?"

தூர்ஹில்ட் விரலால் தன் உதடுகளைத் தொட்டுக் காட்டினார். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கவில்லையே. விதி விதிதானே.

"நல்லா இருக்கு!" என்றாள் யோருன். "நல்லா இருக்கு" என்றேன் நான். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று மீதிப்பேர் அடித்துப் பிடித்துச் சொன்னார்கள். எங்கள் வட்டத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு சுருக்கமாக ஒரு விமர்சனம் நடந்ததில்லை.

"முடிஞ்சுது" என்றார் சிக்வார்ட். "சொல்லும்மா."

"அன்னிக்குக் காலைல மழை" என்று தொடங்கினார் தூர்ஹில்ட்.

மழையில் தொடங்குகிற கதைகளை முதல் வரியிலேயே அடித்துப் போடுகிறவர் சிக்வார்ட். அன்றைக்கு மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். தூர்ஹில்ட் அவசரப்படவில்லை. தாமதமாக வந்த பஸ், பக்கத்து இருக்கையில் நாயோடு இருந்த கிழவி, அந்த நாயின் பெயர், நர்ஸ் போட்டிருந்த பச்சைத் தோடு, காத்திருந்த அறையில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை, அது குழந்தையுடையதாக இருந்ததால் வந்த அழுகை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பதினொரு நிமிடம். சிக்வார்ட் குறுக்கே பேசவே இல்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

சோதனை முடிவைத் தூர்ஹில்ட் கடைசியில்தான் சொன்னார். வெறும் கொழுப்புக் கட்டி. ஒன்றும் பயமில்லை.

சிக்வார்ட் எழுந்துபோய் மனைவியின் கோட்டைக் கழற்ற உதவி செய்தார். பிறகு பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த நாய் என்ன நாய்?" என்று கேட்டார்.

இனி உங்களிடம் வருகிறேன், வாசகரே. சிக்வார்டைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. தூர்ஹில்ட் மழையில் தொடங்கியதும் உங்கள் கண் எங்கே போனது? பஸ்ஸையும் கிழவியையும் தோட்டையும் தாண்டி, கட்டி என்ன ஆயிற்று என்று கீழே ஓடவில்லையா? பதினொரு நிமிடக் கதையை உங்களுக்காக நான் நாலு வரியில் சுருக்கினேன், நீங்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாயின் பெயரை நான் சொல்லவே இல்லை என்பதையாவது கவனித்தீர்களா? வீட்டில் யாரோ இப்போது உங்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. போய்க் கேளுங்கள். அநேகமாக மழையிலிருந்துதான் தொடங்குவார்கள்.