மூச்சு எண்ணும் அப்பா

நாய்க்கு இதய வைத்தியம் பார்க்கும் அப்பா என்று ஓர் இனம் உண்டு. நாய் வளர்க்கிற எல்லாரும் இதில் சேர்த்தி இல்லை. பிராணிகளுக்கென்றே இருக்கும் இதய நிபுணரிடம் போய், ஸ்கேன் திரையில் படபடவென்று அடித்துக்கொள்ளும் சின்ன வால்வைப் பார்த்துவிட்டு, வெளியே வரும்போது பாதி டாக்டராகிவிடுபவர்தான் அசல் ரகம்.

காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலிப் பூனைக்காரரிடம், "உங்களுக்கு எந்த வால்வு?" என்று பேச்சை ஆரம்பிப்பார். பெற்ற மகள் இருமினால் "தண்ணி குடி" என்று பேப்பரைப் புரட்டுபவர், சின்னவன் தும்மினால் டிவியை அணைத்துவிட்டு வீட்டையே அதட்டுவார். சின்னவன் என்பது நாய்.

சிரிக்காதீர்கள், பயம் நிஜம். சின்னவனுக்கு இதயம் வீங்கியிருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு வேகமாகும். அதனால் தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எண்ணினார். கூடிக்கொண்டே போனது. நாயை வாரியெடுத்துக்கொண்டு, மனைவி பின்னாலேயே வர, ஓடினார்.

"டாக்டர், மருந்தைக் கூட்டுங்க. நேத்தைவிட இன்னிக்கு வேகம்!"

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கே. தூங்குறப்பதானே எண்ணினீங்க?"

"பின்னே? நல்லாத் தூங்குறானான்னு ஒவ்வொரு தடவையும் தட்டிக் கேட்டுட்டுத்தான் எண்ணுறேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கூப்பிட்டால் எந்த நாய் படுத்திருக்கும்? எழுந்து, வாலையாட்டி, மூக்கை நக்கி, ஒரு குதி குதித்து மூச்சு வாங்கும். அதை இவர் கண்ணீரோடு எண்ணுவார்.

"நீங்க கேட்ட மாதிரி, நீரை வெளியேத்துற அந்த மருந்தைக் கூட்டியிருந்தா கிட்னி போயிருக்கும் சார்," என்றார் டாக்டரம்மா. மனிதர் சின்னவனை இறுக்கி அணைத்துக்கொண்டார். "இனிமே அம்மா எண்ணட்டும், கதவுகிட்ட நின்னு. நீங்க அடுத்த ரூம்ல இருங்க."

சின்னவன் இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறான். அடுத்த அறையில்தான் தூக்கம் இல்லை.

எங்கள் வீட்டில் நாயே கிடையாது என்கிறீர்களா? நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போதே, உள்ளே தூங்குகிறவரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாமென்று எழுந்துவிட்டீர்களே! போய்ப் பாருங்கள். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.