அவுட்பாக்ஸுல மாட்டின லெட்டர்

அந்த வெள்ளிக்கிழமை காத்தால நான் ஒரு முடிவு எடுத்தேன். கல்யாணம் ஆயி பதினெட்டு வருஷத்துல நானா எடுத்த ரெண்டாவது முடிவு. மொத முடிவு அந்தக் கல்யாணம்னு நெனைச்சுக்கினு இருந்தேன். அது என் மாமியார் எடுத்ததுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. ஆக, இதுதான் மொதல்.

என் பொண்டாட்டி லெட்டர் மலை ஏறக் கூடாது. அவ்ளோதான் முடிவு.

என் பேரு சின்னப்பன். தியாகதுருகத்துல ஒரு விதைக் கடையில பில்லு போடறேன். கள்ளக்குறிச்சியில எங்க தெருவுல அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. "டீச்சர் வூட்டுக்காரரு"ன்னா நாய் கூட வழி காட்டும். டீச்சர்னா என் பொண்டாட்டி இசபெல்லா. கணக்கு டீச்சர். அவளைக் கல்வராயன் மலை மேல, வெள்ளிமலைக்கு அந்தாண்ட, கன்னியாஸ்திரிங்க நடத்தற ஸ்கூலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸா கூப்பிட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மெயில்ல பதில் போயாகணும். தங்கறதுக்கு குவார்ட்டர்ஸ். வூட்டுக்காரருக்கு அங்கியே ஆபீஸ்ல வேலை.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதுலேந்து நான் போடற பில்லுல கூட்டல் தப்பா வருது.

மலைன்னா எனக்குப் பயம். சும்மா பயம் இல்ல. போன வருஷம் அருவி பாக்கக் கூட்டிக்கினு போனா. ஒரு வளைவுக்கு ஒரு வாந்தி. கடைசி மூணு வளைவுக்கு உள்ள சரக்கு இல்லாம வெறும் சத்தம்தான் வந்துச்சு. மேல எறங்கினதும் ஒரு கொரங்கு வந்து என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக்கினு போச்சு. அதைப் போட்டுக்கினு என்னையே பாத்துச்சு. இது போதாதுன்னு அந்த குவார்ட்டர்ஸ் பின்னால பலாமரம் நாலு இருக்காம். பழ வாசனைக்குக் கரடி வருமாம். இதை இசபெல்லாவே சொன்னா, எதோ பால்காரன் வருவான்னு சொல்ற மாதிரி.

அவகிட்ட நேரா "நான் வர மாட்டேன்"னு சொல்லலாம்தான். கரடிகிட்டயும் சொல்லலாம்.

அதனால போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவ அண்ணன் லாரன்ஸைத் தனியாக் கூப்பிட்டு அழுதேன். அண்ணன் பேச்சுக்கு மட்டும் அவ கொஞ்சம் அடங்குவா. மச்சான் என் தோளைத் தட்டி, நான் பாத்துக்கறேன்னாரு. அஞ்சு நாளாச்சு. ஒரு தகவலும் இல்ல. சரி, மச்சானும் பயந்துட்டாருன்னு புரிஞ்சுக்கினேன்.

வெள்ளிக்கிழமை எங்க கடைக்கு லீவு. காத்தால இசபெல்லா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து டைப் அடிச்சா. கையெழுத்துப் போட்ட பேப்பரை ஸ்கேன் பண்ணி சேத்தா. அந்த நேரம் பாத்து நெட்டு இல்ல. லெட்டர் அவுட்பாக்ஸுல போய் உக்காந்துச்சு.

"ஏங்க, நெட்டு வந்ததும் அனுப்பற பட்டனை அமுத்திடுங்க. அஞ்சு மணிக்குள்ள போயிடணும்."

"சரிம்மா."

"லெட்டரைத் தொறக்காதீங்க. தொறந்து எதையாவது மாத்தி வெச்சுடுவீங்க."

அவ தொறக்காதேன்னா நான் தொறக்க மாட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கம். தொறந்தாலும் உள்ள முழுக்க இங்கிலீஷு. நான் ராத்திரி ஸ்கூல்ல பத்தாவது பாஸ் பண்ணவன். அங்க இங்கிலீஷ் பாடம் கடைசி பீரியடு. எல்லாரும் தூங்கிடுவோம், வாத்தியாரும் சேத்துத்தான்.

அவ போனதும் நெட்டு வந்துச்சு. நான் வேலையில எறங்கினேன்.

மெயில் உள்ள வர்றதுக்கு ஒரு வழி, வெளிய போறதுக்கு இன்னொரு வழி. வெளிய போற வழிக்குன்னு செட்டிங்ஸுல ஒரு நம்பர் இருக்கு. நானூத்தி அறுபத்தஞ்சு. அதை அழிச்சேன். நானூத்தி அம்பத்தாறுன்னு போட்டேன். அப்புறம் அனுப்பற பட்டனை அமுத்தினேன். ஒரு நிமிஷம் சுத்தோ சுத்துன்னு சுத்திட்டு, வெளிய போற சர்வர் கெடைக்கலன்னு கட்டம் வந்துச்சு. அப்படி ஒரு அழகான கட்டத்தை நான் பாத்ததே இல்ல.

அழகு பத்து நிமிஷம்தான். அப்புறம் போன வருஷம் ஞாபகம் வந்துச்சு. அவ தங்கச்சி எஸ்தர் ஒரு மாசம் தங்க வர்றேன்னு சொன்னப்ப, நான் இசபெல்லா போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டு வெச்சேன். மூணே நாள்ல கண்டுபுடிச்சா. திட்டலை. எஸ்தரை ரெண்டு மாசம் தங்க வெச்சா.

அதை நெனைச்சு இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு எறங்கல.

நாலு மணிக்கு வந்தா. "போச்சாங்க?"

"பத்து தடவை அமுத்திட்டேன். போவ மாட்டேங்குது. இன்னா கோளாறோ தெரியல."

என்னை ஒரு பார்வை பாத்தா. கணக்கு நோட்டுல விடை மட்டும் எழுதி வழிமுறை எழுதாத பையனைப் பாக்கற பார்வை. விறுவிறுன்னு வெளிய போனா. திரும்பி வரும்போது கூட சிவசங்கர். எதுத்த வூடு. பிரிண்டிங் கடை வெச்சிருக்காரு, கம்ப்யூட்டரைப் பிரிச்சு மேயறவரு.

ஒண்ணு சொல்லணும். அவ்ளோ அவசரத்துலயும் என் பொண்டாட்டி மரியாதைல கொறை வெக்கல. முறுக்கு வெச்சா. காபி போட்டா. சர்க்கரை கம்மியா இருக்குன்னு வாங்கிக்கினு போய் மறுபடி கலந்து வந்தா. மணி நாலு இருபத்தஞ்சு.

சிவசங்கர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு. "உள்ள மெயில் வருதா, அண்ணே?"

"வருது."

"அப்ப நெட்டு நல்லாத்தான் இருக்கு. வெளிய போறதுலதான் கோளாறு."

"ஸ்கேன் பண்ணது பெருசா இருக்குமோ?"ன்னு கெளப்பி விட்டேன். பாத்தாரு. சின்னதுதான். பாஸ்வேர்டு மாறிடுச்சோன்னேன். அதைப் போட்டுப் பாத்தாரு. வைரஸ் புடிக்கற சாப்ட்வேர் தடுக்குமோன்னேன். அதை நிறுத்திப் பாத்தாரு. விதைக் கடையில பில்லு போடறவனுக்கு இவ்ளோ விஷயம் தெரியுமான்னு அவருக்கே ஆச்சரியம்.

"சரி, செட்டிங்ஸைப் பாத்துடலாம்"னாரு.

என் கால் கட்டைவெரல் தானா ஸ்டெபிலைசர் சுவிட்சைத் தேடிப் போச்சு. டப். கம்ப்யூட்டர் படுத்துடுச்சு.

"கரண்டு போச்சோ?"ன்னேன், மேல சுத்திக்கினு இருக்கற ஃபேனுக்கு நேர் கீழ நின்னுக்கினு.

எங்க கம்ப்யூட்டர் எழுந்திருக்க பதினோரு நிமிஷம் ஆவும். எழுந்துச்சு. செட்டிங்ஸ் கிட்ட போனாரு. மறுபடியும் டப். இந்த வாட்டி இசபெல்லா என் காலைப் பாத்தா. நான் சாமி படத்தைப் பாத்தேன்.

"இன்னொரு முறுக்கு எடுத்துக்குங்க"ன்னா சிவசங்கர்கிட்ட.

அஞ்சு மணி அஞ்சு நிமிஷத்துக்குத்தான் அவரு அந்த நம்பரைக் கண்டுபுடிச்சாரு.

"டீச்சர், இங்க நானூத்தி அம்பத்தாறுன்னு இருக்கு. அறுபத்தஞ்சுல்ல இருக்கணும்? இது தானா மாறாது. யாரோ கை வெச்சிருக்காங்க."

இப்ப கேப்பா, இப்ப கேப்பான்னு நின்னேன்.

"இங்க பல்லி ஜாஸ்திங்க"ன்னா அவ நிதானமா. "கீபோர்டு மேல ஓடியிருக்கும்."

திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். சிவசங்கர் நம்பரை மாத்தி பட்டனை அமுத்தினாரு. லெட்டர் ஒரே ஓட்டமா ஓடிப் போச்சு. "நேரம்தான் தாண்டிப் போச்சு, மன்னிச்சுக்குங்க டீச்சர்"னு வருத்தமா எழுந்து போனாரு. நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினேன். உள்ள மட்டும் மேளம் அடிச்சுது. மலை இல்ல. வளைவு இல்ல. கரடி வேற எவன் வூட்டுக்காவது போவட்டும்.

கால் மணி நேரம் இருக்கும். டிங்குனு ஒரு மெயில் உள்ள வந்துச்சு. இசபெல்லா அதைத் தமிழ்ல சொன்னா.

"சிஸ்டர் எழுதியிருக்காங்க. 'வர இஷ்டம் இல்லன்னா அஞ்சு மணிக்குள்ள தெரிவிக்கச் சொல்லியிருந்தோம். உங்க மறுப்பு லெட்டர் நேரம் தாண்டி வந்துச்சு. அதுக்குள்ள உங்களுக்குச் சம்மதம்னு மதர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. திங்கட்கிழமை வேன் வரும். உங்க வூட்டுக்காரருக்கும் ஆர்டர் ரெடி.'"

எட்டிப் பாத்தேன். முழுக்க இங்கிலீஷு. "மறுப்பு லெட்டரா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து பேசுச்சு. நீங்க அழுதீங்களாமே. மனசு கேக்கல. 'என் வூட்டுக்காரருக்கு மலை ஒத்துக்காது, நான் வரல'ன்னு எழுதறேன்னு அண்ணன் கையில அடிச்சு சத்தியம் பண்ணேன். சொன்ன மாதிரியே எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அனுப்பச் சொல்லி உங்க கையிலதான் குடுத்தேன். அண்ணன் கேட்டா, ஏன் போவலன்னு நீங்களே சொல்லிடுங்க."

நான் நாற்காலியில உக்காந்தேன். ஸ்டெபிலைசர் என் காலுகிட்ட ம்ம்ம்முன்னு முனகிக்கினு இருந்துச்சு. மச்சான்கிட்ட இன்னான்னு சொல்றது? உங்க தங்கச்சி என்னைக் காப்பாத்த எழுதின லெட்டரை நான்தான் கால் கட்டைவெரலால நிறுத்தினேன்னா?

அப்பத்தான் ஒண்ணு ஒறைச்சுது. இசபெல்லா எப்பவும் மெயில் அனுப்பறது அவ போன்ல. அந்தப் போன் இன்னிக்குக் காத்தாலேந்து அவ கைப்பையில, முழு சார்ஜோட இருந்துச்சு.

"இசபெல், இதை நீ உன் போன்லயே அனுப்பியிருக்கலாமே?"

பரண் மேலேந்து பெட்டியை எறக்கிக்கினே சொன்னா.

"அனுப்பியிருக்கலாம். அப்ப போயிருக்குமேங்க."