மாமரம் இருந்த இடத்திலிருந்து இருநூறு மீட்டர்

"பதினாலாம் நம்பர் வீடா? நான் இதே சான் பெத்ரோவில பொறந்து வளர்ந்தவ. இங்கே எந்த வீட்டுக்கும் நம்பர் கிடையாதுங்க," என்றாள் கூரியர் அலுவலகத்துப் பெண்.

"இருக்கு. நகராட்சி வரைபடத்துல பார்த்தேன். முப்பத்தேழாவது தெரு, பதினாலாம் நம்பர்."

"வரைபடத்துல இருக்கலாம். தெருவில இல்லையே. எங்க கூரியர்க்காரர் தோன் எவேலியோ ரெண்டு தடவை தேடிட்டுத் திரும்பி வந்துட்டாரு."

கெர்த்து பல்லைக் கடித்துக்கொண்டாள். கோஸ்தா ரிக்காவுக்குக் காட்டியல் படிக்க பின்லாந்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவள் ஊரில் நாய்க்கூண்டுக்குக்கூட நம்பர் உண்டு.

"சரி, கவரைக் குடுங்க. இங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்."

"அது வண்டியில போயிருக்கே. காலையில ஆறு மணிக்குக் குடோன்லேருந்து எடுத்துட்டுப் போவாரு, அங்கே வெளியாளை விடமாட்டாங்க. ஆபீசைப் பூட்டினப்புறம்தான் திரும்புவாரு."

"அவர்கிட்ட போன் இருக்குமே?"

"இருந்துச்சு. மழையில நனைஞ்சுடுச்சு."

ஊரிலிருந்து அம்மா அனுப்பிய அந்தக் கவருக்குள் இருந்தது ஒரே ஒரு காகிதம். போலீஸ் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ். அதன் அசலை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் சேர்க்கை ரத்து. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "கிறிஸ்துமசுக்கு முன்னாடியே அழுதுகிட்டு வந்து நிப்பே பாரு" என்று விமான நிலையத்திலேயே சொல்லி அனுப்பியிருந்தான் அண்ணன். கிளம்பும்போது கையில் தன்னுடைய பழைய மீன்பிடிக் கோட்டைத் திணித்தவனும் அவன்தான். முழங்கால் வரை தொங்கும் இரத்தச் சிவப்புக் கோட்டு.

அவன் வாயில் விழுவதைவிட இந்த ஊர் மழையில் கரைந்து போவது மேல் என்று கெர்த்து முடிவு செய்திருந்தாள்.

வீட்டுக்காரம்மா தோன்யா எர்மெலிந்தா விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"விலாசம் என்னன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா கண்ணு? மாமரம் இருந்த இடத்திலேருந்து தெற்கே இருநூறு மீட்டர், கிழக்கே எழுபத்தஞ்சு, பச்சை கேட்டு. அதை ஏன் உங்கம்மாவுக்கு எழுதல நீங்க?" அந்த ஊரில் கோபம் வந்தாலும் வாங்க போங்கதான். பூனையைக்கூட அப்படித்தான் விரட்டுவார்கள்.

"மாமரம் எங்கே இருக்கு?"

"இல்ல. வெட்டிட்டாங்க."

"எப்போ?"

"என் ரெண்டாவது பையன் பொறந்த வருஷம்."

அந்த ரெண்டாவது பையனுக்குத் தலையில் பாதி முடி கொட்டிவிட்டது.

"கேட்டும் வெள்ளையால்ல இருக்கு?"

"போன வருஷம் பெயிண்ட் அடிச்சோம். அதுக்காகப் பச்சை கேட்டு இல்லேன்னு ஆயிடுமா?"

காட்டையே கரைத்துக் குடிக்க வந்தவளுக்கு, இல்லாத மரம் ஒன்று வழிகாட்டி. கெர்த்துவுக்கு ஒப்பவில்லை. அன்று மாலையே ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் 14 என்று எழுதி கேட்டில் தொங்கவிட்டாள். இனிமேல் எந்தக் குருடனுக்கும் வீடு தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இருபது முப்பது பேர். நடுவில் ஒரு லாட்டரிக்காரன் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"தோன்யா, பதினாலு விழும்னு கனவுல யார் வந்து சொன்னாங்க? செத்துப்போன உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டான் டாக்சிக்காரன் ரிகோபெர்த்தோ. அவன் கையில் ஒரு கத்தைச் சீட்டு, எல்லாம் பதினாலு.

"யாரும் வரல. இந்தப் பொண்ணு எழுதி மாட்டினது."

கூட்டம் கெர்த்துவைப் பயபக்தியோடு பார்த்தது. வெளிநாட்டுப் பெண் கனவு இன்னும் விசேஷம் போலும். லாட்டரிக்காரனிடம் மிச்சமிருந்த பதினாலும் அரை மணியில் தீர்ந்துவிட்டது. பலகையைக் கழற்றினால் விடமாட்டேன் என்றது தெரு. மாட்டியிருந்தால் விடமாட்டேன் என்றாள் தோன்யா. ஒருவழியாகப் பகலில் அது கழன்றது.

கெர்த்து கூரியர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"தோன் எவேலியோ காலையிலயே வந்தாராம், வழியில ஒரு கடை போன்லேருந்து சொன்னாரு," என்றாள் அந்தப் பெண். "ஒரு வீட்டு வாசல்ல ஒரே கூட்டமாம். துக்க வீடு போலிருக்குன்னு தொப்பியைக் கழட்டி மரியாதை பண்ணிட்டு வண்டியைத் திருப்பிட்டாராம்."

ஆத்திரப்பட்டுப் பயனில்லை. இந்த ஊருக்கு மாமரம்தான் வேண்டுமென்றால் மாமரமே கொடுத்துவிடுவோம், ஆனால் சரியாகக் கொடுப்போம் என்று நினைத்தாள். மரம் அளக்கிற முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு மாமரம் இருந்த இடத்துக்குப் போனாள். அங்கே இப்போது ஒரு மருந்துக்கடை. அங்கிருந்து தெற்கே இருநூறு மீட்டர் அளந்ததில், கோழி வறுக்கும் கடை ஒன்றின் அடுப்படியில் போய் நின்றாள். சமையல்காரர் ஒரு தொடைக்கறியை நீட்டி உபசரித்தார்.

திரும்பவும் அளந்தாள். வீடு இருப்பது தெற்கே நூற்று அறுபத்து மூன்று, கிழக்கே ஐம்பத்தெட்டு.

"எழுதிக்கோங்க. நூத்தி அறுபத்திமூணு மீட்டர்," என்றாள் போனில், வெற்றிக் களிப்போடு.

கூரியர் பெண் எழுதிக்கொள்ளவில்லை. "அப்படி ஒரு தூரமே கிடையாதுங்க. ஒரு தெரு தாண்டினா நூறு மீட்டர். நெட்டைத் தெருவா இருந்தாலும் நூறு, குட்டைத் தெருவா இருந்தாலும் நூறு."

"நான் டேப் வச்சு அளந்தேன்."

"உங்க இஷ்டம். எழுதிக்கிறேன்."

புதன்கிழமை தோன் எவேலியோ அந்த நூற்று அறுபத்து மூன்றைத் தேடி வழியில் ஏழு பேரை விசாரித்தார். தெரியாது என்று சொல்வது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. ஏழு பேரும் ஏழு வழி காட்டினார்கள். மனிதர் கடைசியில் அடுத்த ஊரான குரிதாபாத்தில் போய், டயர் பஞ்சராகி நின்றார்.

"நாளைக்கு வண்டி கிளம்புமான்னு தெரியல," என்றாள் கூரியர் பெண். அவளுக்கே பாவமாகிவிட்டது. "நீங்க கவலைப்படாதீங்க. நானும் விசாரிச்சு வைக்கிறேன்."

இன்னும் இரண்டே நாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது கெர்த்துவுக்கு. பலகை வைத்தால் லாட்டரி, டேப் வைத்தால் குரிதாபாத். இனி நம்பரும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். எந்தப் பக்கம் போகிறவனும் அந்த மருந்துக்கடை முனையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கேயே போய் நின்றுவிடுவது. கூரியர்க்காரர் வரும்வரை நகர்வதில்லை.

"இதென்ன விடாப்பிடி கண்ணு? காய்ச்சல் வந்துடும்," என்றாள் தோன்யா.

"வரட்டும்."

வியாழக்கிழமை ஆறு மணிக்கு அண்ணனின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முனையில் நின்றாள். கையில் 'கூரியரா? இங்கே வாங்க' என்று எழுதிய அட்டை. மழைக்கு அந்த ஊரில் நேரம் தவறாது. சரியாக இரண்டு மணிக்கு வந்து, அட்டையில் இருந்த எழுத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. வெறும் அட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

ஊரே அவளை வேடிக்கை பார்த்தது. டாக்சிகள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பின. கேஸ் சிலிண்டர் லாரிக்காரன் தலையை நீட்டிப் பார்த்தான், "சரிதான்" என்று சொல்லிக்கொண்டான், இடது பக்கம் வளைந்தான். போனில் பேசிக்கொண்டே போன ஒரு பெண் இவளைப் பார்த்து, "ஆமா ஆமா, இங்கேதான் நிக்கிறா, செவப்பா, பெருசா" என்றாள்.

கெர்த்துவுக்கு முகம் கோட்டுக்குப் பொருத்தமாகிவிட்டது. சிரிக்கட்டும். சிரித்துத் தீர்க்கட்டும். நான் நகர்வதாக இல்லை.

ஆனால் சிரிப்பதாக மட்டும் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் முக்காலி கொண்டுவந்து போட்டார். கோழிக்கடையிலிருந்து காப்பி வந்தது. ரிகோபெர்த்தோ டாக்சியை நிறுத்தி, பதினாலு விழவில்லை என்றும், அதற்காக அவள் மேல் தனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னான்.

"அடுத்த தடவை நல்லாக் கனவு காணுங்க."

"முயற்சி பண்றேன்," என்றாள். அந்த ஊர்ப் பாஷையில் அவள் யோசிக்காமல் சொன்ன முதல் பதில் அதுதான். வகுப்பில் ஒரு மாதம் வராத பேச்சு முக்காலியில் ஒரே நாளில் வந்துவிட்டது.

வியாழன் போயிற்று, கூரியர் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் திரும்பவும் அதே இடம். பல்கலைக்கழகம் இருக்கும் திசையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் கை நீட்டி மறித்தாள். பீட்சாக்காரர் நாலு பேர், ஒரு பாதிரியார்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. மூன்று மணிக்குப் பையும் கையுமாக வந்த ஒரு அம்மாள், பல் டாக்டர் வீடு எது என்று கேட்டாள். கெர்த்துவுக்குத் தெரியும். காலையில்தான் அவர் காப்பி கொடுத்துவிட்டுப் போனார். "வடக்கே நூறு மீட்டர், கம்பி கேட்டு," என்று அவள் கை காட்டிக்கொண்டிருந்தபோது, உடம்பையும் வண்டியையும் சேர்த்துப் பிளாஸ்டிக்கால் போர்த்திய கிழவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, அவளை மேலும் கீழும் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்னொரு வேடிக்கை பார்க்கிறவர் என்று விட்டுவிட்டாள்.

கால் மணி நேரத்தில் தோன்யா எர்மெலிந்தா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். தலைக்கு மேலே ஒரு தட்டு, கையில் கவர்.

"வந்துடுச்சு கண்ணு, வந்துடுச்சு."

கெர்த்துவால் நம்ப முடியவில்லை. "எப்படி? நான் இங்கேதானே நிக்கிறேன்?"

"நேரா நம்ம கேட்டுக்கு வந்து மணி அடிச்சாரு. கூரியர் ஆபீஸ்ல விலாசத்தைத் திருத்திக் குடுத்தாங்களாம். 'இப்போ கண்ணை மூடிக்கிட்டு வந்துடலாம்'னாரு."

கவரில் அம்மா எழுதியிருந்த விலாசம் அடிக்கப்பட்டிருந்தது. மேலே யாரோ பேனாவால் எழுதிய புது விலாசம் மழையில் நீலமாகக் கரைந்திருந்தது. 'தெற்கே இருநூறு' மட்டும்தான் படிக்க முடிந்தது. படித்துக்கொண்டிருக்க நேரமுமில்லை. கோட்டைக் கழற்றித் தோன்யாவின் கையில் கொடுத்துவிட்டு ரிகோபெர்த்தோவின் டாக்சியில் பாய்ந்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குள் நுழைந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி பையை மூடிக் கிளம்பத் தயாராக இருந்தாள். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முத்திரையை எடுத்து மையில் தோய்த்தாள். அப்புறம் அதை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"படிவத்துல உள்ளூர் விலாசம் எழுதலையே?"

கெர்த்து பேனாவை வாங்கினாள். முப்பத்தேழாவது தெரு என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். இந்த ஊரில் இருக்க வந்தவள் இந்த ஊர் விலாசம்தான் எழுத வேண்டும். தோற்றது தோற்றதுதான், ஆனால் இங்கேயே இருந்துகொண்டு தோற்கலாம். 'மாமரம் இருந்த இடத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், கிழக்கே எழுபத்தைந்து, பச்சை கேட்டு' என்று ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதி நீட்டினாள்.

அந்த அம்மாள் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து மாமரத்தின் மேல் ஒரு கோடு கிழித்தாள்.

கெர்த்து ஜன்னலோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தாள். "என்ன தப்பு?"

"ஊருக்குப் புதுசாங்க? என் தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான், எனக்குத் தெரியாதா? மாமரமெல்லாம் பழைய விலாசம், இப்போ யாரும் அப்படிச் சொல்றதில்ல," என்றபடி அந்த அம்மாள் முத்திரையைக் குத்தினாள். "'செவப்புக் கோட்டுப் பொண்ணு நின்ன இடத்திலேருந்து தெற்கே இருநூறு மீட்டர்'னு மாத்தி எழுதுங்க."