ஆட்சேபணை சார் வாயைத் திறந்த ஞாயிறு

மயிலாப்பூரில் ஒரு நல்ல காரியம் தடங்கலில்லாமல் நடந்தது என்றால், அன்றைக்கு ஆட்சேபணை சார் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் சேவை சங்கத்தில் பாதிப் பேருக்கு அவருடைய நிஜப் பெயர் தெரியாது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மந்தைவெளியில் தனியாக இருந்தார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸின் மாடியில் கூடுவோம். ரத்ததான முகாம், இலவசக் கண்ணாடி என்று முடிந்ததைச் செய்வோம். எதைச் செய்யலாம் என்றாலும் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழும்பும். "ஆட்சேபணை."

மரம் நடலாம் என்றால், நிழலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள் என்பார். நன்றியுரையா, நன்றி சொல்கிற அளவுக்கு இங்கே யார் என்ன செய்துவிட்டார்கள் என்பார். மறைந்த உறுப்பினர் ஒருவருக்கு மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோது பாதியில் கை தூக்கினார். மின்விசிறி கடகடவென்கிறதாம், இது மௌனத்தில் சேராதாம். விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய வழிய முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஒருமுறை அவருக்கே பொன்னாடை போர்த்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். இந்த ஆளுக்கு என்ன தகுதி என்று எழுந்தார். தன்னைப் பற்றி அவர் அடுக்கிய குறைகளைக் கேட்டபிறகு, இவரை எப்படிச் சங்கத்தில் சேர்த்தோம் என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் கொரோனா வந்தது. கூட்டங்கள் செல்போனுக்குள் போயின. திரையில் ஆட்சேபணை சாருக்கான கட்டத்தில் முதலில் மின்விசிறி தெரிந்தது, சில மாதங்கள் கழித்துப் பாதி நெற்றி. எங்கள் தலைவர் தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. யாருடைய குரலை வேண்டுமானாலும் அடைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு, காபி ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது. தீர்மானமெல்லாம் ஒருமனதாக நிறைவேறியது.

அப்படி ஒருமனதாக நிறைவேறியதுதான், அக்கினி நட்சத்திர வெயிலில் ஏழைகளுக்குக் கம்பளி வழங்கும் திட்டம். ஆட்சேபணை சார் இரண்டு கைகளையும் ஆட்டினார். கட்டம் முழுக்க வாய் மட்டும் தெரிகிற அளவுக்குக் கிட்டே வந்தார். கடைசியில் ஒரு பனையோலை விசிறியைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். "சார் வீட்ல கரண்ட் போயிடுச்சு போல, பாவம்," என்றார் எங்கள் செயலாளர், சாந்தோம் ரோஸி டீச்சர். அடுத்த கூட்டத்திலிருந்து ஆட்சேபணை சாரின் கட்டம் காலியாக இருந்தது.

கம்பளியைக் கொடுக்கப் போன இடத்தில் ஓர் அம்மாள், "இன்னா நைனா, ஊட்டிக்குப் போற வண்டி இங்க வந்துட்ச்சா?" என்று கேட்டாள். மிச்சத்தையெல்லாம் மெஸ் மாடியிலேயே அடுக்கினோம்.

கட்டுப்பாடுகள் நீங்கி நேரில் கூடிய முதல் ஞாயிறன்று நாற்காலி போட இடமில்லை. கம்பளி மூட்டைகள்மேல் ஆளுக்கு ஓர் உயரத்தில் உட்கார்ந்தோம். உப தலைவர் மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தார். அவரால் இறங்கவும் முடியவில்லை.

ஆட்சேபணை சார் வந்தார். முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம். யாரும் நெருங்காதபடி, மாடிக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்திருந்தார். யாரையும் பார்க்காமல் கடைசியில் போய் உட்கார்ந்தார்.

அண்ணாச்சி கண் சிகிச்சை முகாம் பற்றிய தீர்மானத்தை வாசித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். குடை அசையவில்லை. தீர்மானம் நிறைவேறியது. யாருக்கும் சந்தோஷமில்லை.

அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். "அவுக கோவமா இருக்காக. ஏதாச்சும் ஏறுக்குமாறா சொல்லிப் பாப்போமா?"

தெப்பக்குளத்து மீன்களுக்கு நீச்சல் போட்டி நடத்தலாம் என்றார். குடை அசையவில்லை. வாழ்நாளில் பொய் சொல்லியிராத ரோஸி டீச்சர், மெரினாவில் மணல் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் அள்ளிப் பாலவாக்கத்துக்குக் கொடுக்கலாம் என்றார். நான் வழிமொழிந்தேன். தடுக்க ஆளில்லாததால் இரண்டும் முறைப்படி நிறைவேறிவிட்டன.

அண்ணாச்சி களைத்துப்போனார். அடுத்து அவர் சொன்னதில் விளையாட்டு இல்லை. பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களுக்கும் உற்சாகமில்லை, வாடகைக்கு இடம் எதற்கு, அடுத்த மாதத்திலிருந்து பழையபடி போனிலேயே கூடிவிடலாம் என்றார்.

குடை மடங்கியது. ஆட்சேபணை சார் எழுந்து முதல் முகக்கவசத்தைக் கழற்றினார், பிறகு இரண்டாவதையும்.

"ஆட்சேபணை." குரல் கரகரத்தது. செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.

"ஆத்துல தனியா உக்காந்துண்டு அந்தப் பொட்டியப் பாத்துப் பேசினேன். என் வாய் அசையறது எனக்கே தெரியறது, ஒருத்தருக்கும் கேக்கலை. கம்பளி வேண்டாம்னு கத்தின கத்துல பக்கத்தாத்துக்காரா வந்து கதவைத் தட்டினா. அதுக்கப்புறம் பேசறதையே விட்டுட்டேன். நான் சொல்றத நீங்க ஒத்துக்க வேண்டாம். காதுல விழுந்தா போறும்."

அண்ணாச்சி மூட்டையிலிருந்து இறங்கி அவரிடம் போனார். "தப்பு என் மேலதான் அண்ணே. மன்னிச்சிருங்க. இனிமே நேர்லதான் கூடுதோம்."

"மன்னிப்பு இன்னிய நிகழ்ச்சி நிரல்ல இல்லையே," என்றார் ஆட்சேபணை சார்.

அதோடு விடவில்லை. மீன்களுக்கு நடுவர் யார், முதலில் வந்த மீனை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டு அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தார். பாலவாக்கத்தில் ஏற்கெனவே கடல் இருக்கிறதே என்று டீச்சரை மடக்கினார். கீழே மெஸ்ஸில் சாம்பார் கொதிக்கிற வாசனை வரும்வரை கூட்டம் நடந்தது. உப தலைவரை இறக்குவதற்கு நாங்கள் கையாண்ட முறையையும் அவர் ஏற்கவில்லை. அந்த வருஷ மழையில் வெள்ளம் புகுந்த தெருக்களில் கம்பளிகளைக் கொடுத்துத் தீர்த்தோம். நிறம் சரியில்லை என்றார்.

இப்போது கூட்டம் முடிந்ததும் நான்தான் ஸ்கூட்டரில் அவரை வீட்டில் விடுகிறேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் தோளைத் தட்டி, இந்த வழி தப்பு என்கிறார். மந்தைவெளி பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னும் நாலு திருப்பம் கிடைக்கட்டும் என்று நான் அடையாறு பாலம் வரை போய்த் திரும்பிவந்துதான் அவரை இறக்கிவிடுகிறேன்.