தேய்க்கத் தேய்க்கக் காசு

எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எங்கள் உறவில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் நானேதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் பி.காம். முடித்த முதல் ஆள் நான். பால்காரர் கணக்கிலிருந்து பத்திரப் பதிவு வரைக்கும், யாரும் கேட்காமலேயே கருத்துச் சொல்லும் உரிமை அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆரம்ப வருஷங்கள் அவை. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. அப்பாவுக்கு நிலக்கடலை சாகுபடி. அண்ணன் சேகர் திருவண்ணாமலை டவுனில் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி எங்களையெல்லாம் கூப்பிட்டு, "இனிமே கவர்ல சம்பளம் கெடையாது. பேங்க்ல போட்டுடுவேன். எந்த பேங்க்னு நீங்களே பாத்து அக்கவுண்ட் ஆரம்பிச்சுக்குங்க" என்றார்.

மற்றவர்கள் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். சமையல்கார அக்கா பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் எந்த வங்கி முதலில் கண்ணில் பட்டதோ அதிலேயே ஆரம்பித்தார். நான் அப்படியெல்லாம் விடுகிற ஆளா? மாப்பிள்ளை பார்ப்பதுபோல வங்கி பார்த்தேன்.

முதல் வரன், அப்பா கணக்கு வைத்திருந்த அரசு வங்கி. காற்று வருகிறதோ இல்லையோ, சத்தம் தவறாமல் வரும் மின்விசிறி. கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "டோக்கன் வாங்கினியாம்மா?" என்றார். நான் ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். "சந்தேகத்துக்கும் டோக்கன்தான்" என்றார். அந்த வரனை நான் அங்கேயே தட்டிக் கழித்துவிட்டேன்.

அடுத்தது, போளூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தனியார் வங்கி. கண்ணாடிக் கதவு. உள்ளே போனால் மார்கழி மாதம். டை கட்டிய ஒரு பையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். எங்கள் ஊர் வெயிலில் டை கட்டுகிறவன் எவ்வளவு நேர்மையானவனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றியது. (ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை.)

"மேடம், இந்த அக்கவுண்ட்டுக்கு ஒரு டெபிட் கார்டு குடுப்போம். கடையில அதத் தேய்ச்சு எது வாங்கினாலும், அதுல ஒரு பங்கு கேஷ் ரிவார்டா உங்க அக்கவுண்ட்டுக்கே திரும்பி வந்துடும்."

"எது வாங்கினாலுமா?"

"எது வாங்கினாலும் மேடம்."

(அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. நான் கவிழ்ந்ததற்குப் பாதிக் காரணம் அது.)

அதற்குப் பிறகும் அவன் நிறையப் பேசினான். எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் மனசுக்குள் அதற்குள் பாதிக் கடைத்தெருவை வாங்கி முடித்திருந்தேன். செலவு செய்தால் காசு வரும் என்கிறார்கள். அப்படியென்றால் நிறையச் செலவு செய்தால் நிறையக் காசு வரும். பி.காம். மூளை பிரமாதமாக வேலை செய்தது.

இருந்தாலும் அனுபவசாலி ஒருவரைக் கேட்டுவிடலாம் என்று எங்கள் கெஸ்ட் ஹவுஸில் பல மாதங்களாகத் தங்கியிருந்த தாடிக்கார வெள்ளைக்காரரிடம், உங்கள் ஊரில் இந்த ரிவார்டு கார்டெல்லாம் எப்படி என்று விசாரித்தேன். அவர் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன் என்றார். எனக்குக் கிடைத்த ஒரே நிபுணர் கருத்து அதுதான். அதையும் நான் கேட்கவில்லை.

அப்பா ஒரே வரியில் முடித்தார். "கவர்மெண்டு பேங்குல போடும்மா. அவன் எங்கியும் ஓடமாட்டான்."

"ஓடவும் மாட்டான், ஒரு பைசா சேத்துக் குடுக்கவும் மாட்டாம்பா" என்று சொல்லிவிட்டுப் போய்த் தனியார் வங்கியில் கையெழுத்துப் போட்டேன்.

கார்டு வந்தது. பளபளவென்று நீல நிறம். எங்கள் தெருவில் அதைத் தொட்டுப் பார்க்காதவர்கள் கிடையாது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். எல்லாம் சரி, ஆனால் தேய்க்க இடம் வேண்டுமே! மளிகைக் கடையில் நீட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேஷன் கார்ட இப்டி மாத்திட்டாங்களா? சர்க்கரை வரலம்மா இன்னும்" என்றார். மருந்துக் கடையில் சிரித்தார்கள். பஸ்ஸில் நீட்டியபோது கண்டக்டர், "பாஸா? காலேஜ் முடிச்சு எத்தினி வருஷம் ஆச்சு?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இதற்கு நடுவே, கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட ஜாஸ்தி என்பதும் தெரியவந்தது. அதாவது, செலவு செய்தால்தான் ரிவார்டு. செலவு செய்தால் அபராதம்.

கடைசியில் ஒருநாள், திருவூடல் தெருப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் கண்ணாடியில் அந்தக் கார்டுப் படம் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். ரோட்டில் நின்றபடியே கும்பிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சேகர் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கீழ்பென்னாத்தூர். பெயர் வசந்தி. டவுனில் பி.எட். படித்துக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று அவர் வாயிலிருந்து மொத்தமாக வந்த வார்த்தை, "காபி" என்பதுதான். அதுவும் கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. அண்ணன் அன்றிலிருந்து, "அது பேசுமா உமா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் போய்ப் பேசுகிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கம் அப்போது கிடையாது.

நான் வீட்டில் பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். "அத்தன ஜவுளியும் என் கார்டுல எடுத்தா எவ்ளோ திரும்பி வரும் தெரியுமா? சும்மா வர்ற காசுப்பா!" அம்மா என் பக்கம் சாய்ந்தாள். அப்பா மூன்று நாள் யோசித்துவிட்டு, கடலை விற்ற பணத்தைக் கொண்டுவந்து என் கணக்கில் கட்டினார். கட்டிவிட்டு வெளியே வந்தவர் அந்தக் கண்ணாடிக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வருகிறவர் முகம் அது.

பெண் வீட்டார், "பௌர்ணமிக்கு எப்படியும் கிரிவலம் வர்றோம், அப்டியே துணியும் எடுத்துடலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பௌர்ணமி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஊரே கொள்ளாத கூட்டம். பெண், பெண்ணின் அப்பா அம்மா இவர்களோடு தாய்மாமனும் வந்திருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஹாரன் அடித்தே பழகிய குரல்.

காலையில் அந்த ஜவுளிக் கடையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அரக்குக் கலரில் மாங்காய்க் கரை போட்ட முகூர்த்தப் புடவை, மற்ற புடவைகள், வேட்டிகள், சித்தப்பா வகை, பெரியப்பா வகை என்று எல்லாம் மலைபோலக் குவிந்தது. பில் போட்டார்கள். அப்பா பழக்கதோஷத்தில் சட்டைப் பையைத் தொட்டார்.

"நீங்க இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே கார்டை வைத்து நீட்டினேன். (கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.)

கல்லாவில் இருந்த கடை முதலாளி முகம் மாறியது. "கார்டா?" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, அந்த மிஷின எடு!" என்று குரல் கொடுத்தார்.

மிஷின் வந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து கிடந்தன. கார்டு தேய்க்கும் பள்ளத்தில் ஒரு சாமந்தி இதழ் இருந்தது. கடை திறந்ததிலிருந்து அதில் முதன்முதலாகத் தேய்க்கப்போகிற ஆள் நான்தான் என்பது அப்போது புரிந்தது. எனக்கு அதிலும் ஒரு பெருமை.

அதற்குப் போன் லைன் வேண்டுமாம். போன் மாடியில். வயரோ மாடிப்படி பாதிவரைதான் எட்டியது. ஆகவே மிஷினை நடுப்படியில் வைத்தார்கள். இரண்டு குடும்பமும் கடை ஆட்களும் படியைச் சுற்றி நின்றார்கள். தாய்மாமன் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

தேய்த்தேன். மிஷின் கீச்சென்று கத்தியது. அடங்கியது. மறுபடி தேய்த்தேன். லைன் கிடைக்கவில்லை. சந்தனத்தைச் சுரண்டித் தேய்த்தோம். கார்டை என் தாவணியில் துடைத்துத் தேய்த்தோம். "அழுத்தித் தேய்மா, காயில் சுத்துற மாதிரி" என்றான் அண்ணன். கடைசியில் லைன் கிடைத்து, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, சின்னத் துண்டுக் காகிதம் ஒன்று வெளியே வந்தது. கடை முதலாளி எடுத்துப் படித்தார்.

"முடியாதுன்னு வருதும்மா."

"பணம் இல்லியா?" என்றார் தாய்மாமன். தெருவில் கிரிவலம் போய்க்கொண்டிருந்தவர்கள் நாலு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"இருக்குங்க மாமா. பேங்க்ல பத்திரமா இருக்கு."

"அது பத்திரமா இருக்கட்டும். நாம எப்ப வூட்டுக்குப் போறது?"

டைக்காரப் பையனின் செல்போன் நம்பர் என்னிடம் இருந்தது. கடைப் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தான். பின்னணியில், "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று பெருங்கூட்டத்தின் சத்தம். அவனும் கிரிவலத்தில் இருந்தான்.

"மேடம், உங்க கார்டுல ஒரு நாளைக்கு இவ்ளோதான் தேய்க்கலாம்னு லிமிட் இருக்கு. அன்னிக்கே சொன்னேனே மேடம்!"

சொல்லியிருப்பான். அப்போது நான் ஏசிக் குளிரில் கனவு கண்டுகொண்டிருந்தேன். அந்த லிமிட்டுக்கு என்ன வரும் என்று கடை முதலாளி கணக்குப் போட்டுச் சொன்னார்: நாலு வேட்டியும் கொஞ்சம் ஜாக்கெட் துணியும். ஞாயிற்றுக்கிழமை, வங்கியும் கிடையாது.

அம்மா புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா மறுபடியும் சட்டைப் பையைத் தொட்டார். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்ம துட்ட நமக்கே குடுக்க மாட்டேங்குது. இதுல மேல வேற தருமாமே! நல்லா சேந்தீங்கப்பா சம்மந்தம்!" அண்ணன் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கல்யாணமே நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மாமா, முகூர்த்தப் புடவைக்கு மட்டும் நாளைக்கு பேங்க்ல பணமா எடுத்துக் கட்டிடட்டும். மிச்சத்தக் கார்டுலயே தினம் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கலாமே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வசந்தி அண்ணிதான்.

"நாளைக்கே மொத்தமாப் பணம் கட்டி முடிச்சுடலாமே?" என்றார் தாய்மாமன்.

"அப்டிக் கட்டினா ரிவார்டு வராது மாமா. சும்மா வர்ற காச ஏன் விடணும்? நான் தெனம் சாயங்காலம் காலேஜ் வுட்டு இந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறேன். துணி சரியா இருக்குதான்னு நானே வந்து பாத்துக்கிறேன். உமாவும் இருப்பாங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மூட்டையத் தூக்க யாராச்சும் ஆம்பள ஆளு வேணும்" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்த வேகத்தில் மிஷின் கீழே விழப் பார்த்தது. "நான் வரேன்! கடையில வேலையே இல்ல!" என்றான். (மாசிப் பட்டத்து விதைப்புக்கு மோட்டார்கள் வரிசையில் கிடந்தன.)

தாய்மாமன் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தாய்மாமனைப் பார்த்தார். பிறகு லாரி ஹாரன் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அந்தச் சிரிப்பில் கடையே சிரித்தது. முதலாளி எல்லோருக்கும் கலர் சோடா வரவழைத்தார். அன்றைக்கு லிமிட்டுக்கு நாலு வேட்டியும் ஜாக்கெட் துணியும் தேய்த்து வாங்கிக்கொண்டு, இரண்டு குடும்பமும் சேர்ந்தே மலையைச் சுற்றக் கிளம்பினோம்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் எனக்கு அதுதான் வேலை. நான் படியில் நின்று தேய்ப்பேன். லைன் கிடைக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரமும் அவர்கள் இரண்டு பேரும் ஒரு துண்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அதன் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். துண்டைப் பற்றி மனிதர்கள் அவ்வளவு சிரித்துப் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது. லைன் சீக்கிரம் கிடைத்துவிட்ட ஒருநாள், "இன்னொரு வாட்டி தேய்ச்சுப் பாருங்க உமா, சரியா விழுந்துச்சோ இல்லியோ" என்றார் அண்ணி. நான் பி.காம். படித்த மேதை, அப்போதுகூட நிஜமாகவே ரிவார்டுக்குத்தான் அவர் பாடுபடுகிறார் என்று நம்பினேன். "என் கஷ்டம் புரிஞ்ச ஒரே ஆளு அண்ணிதான்மா" என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ரிவார்டும் வந்தது. ஜவுளிக்கு எல்லாப் பணமும் போய்விட்டதால் குறைந்தபட்சத் தொகை இல்லையென்று வங்கி போட்ட அபராதமும் அதே மாதம் வந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு போய்விட்டன. நான் மறு மாதம் அரசு வங்கிக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அண்ணன் மகள், அம்மா அப்பாவுடையது காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணமா என்று கேட்டாள். தாய்மாமனுக்கு இப்போது குரல் தணிந்துவிட்டது. ஆனாலும் அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வடைச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து அண்ணி முந்திக்கொண்டார்.

"ரெண்டும் இல்லடி. உங்க அத்த தேய்ச்சு வெச்ச கல்யாணம்."