பிஸ்கட் அச்சு அதிகாரி

விடுமுறைப் பிஸ்கட் அதிகாரி என்று ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. அரசாங்கம் நியமித்ததில்லை, சம்பளமும் கிடையாது. வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு, அடுப்படி வாசலை மறித்து நின்று, "எல்லாரும் வந்து உதவி பண்ணுங்க, யாரும் எதையும் தொடாதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்கிறாரா? சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

அந்தப் பாக்கியம் உங்களுக்கு வாய்க்கவில்லை என்றால் என் அக்காவை வந்து பாருங்கள்.

அக்காவுக்கு மருந்துக்கடை. அதனால் மாவையும் மருந்து மாதிரிதான் நிறுப்பாள். வெண்ணெய் உருகியும் இருக்கக் கூடாது, உருகாமலும் இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பணிவாக வழிவிட வேண்டும். அந்த விரலும் அவளுடையதாகவே இருக்க வேண்டும். அத்தான் முட்டை உடைப்பார், ஓடு விழுந்திருக்கிறதா என்று இவள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவாள். பிள்ளைகள் மாவு உருட்டுவார்கள், அவர்கள் கைகழுவப் போன நேரம் பார்த்து அத்தனையையும் இவள் மறுபடி உருட்டுவாள். நான் ஓவன் பக்கத்தில் நிற்பேன். அதுதான் என் உத்தியோகம். இவ்வளவும் முடிந்தபின், "நாம எல்லாரும் சேர்ந்து செஞ்சோம் பாரு, அதுதான்டா குடும்பம்" என்பாள்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தவறிப்போய் நடந்ததெல்லாம் அவர்களுக்குச் சட்டமாகிவிடும். ஒரு வருஷம் அக்கா உப்புப் போட மறந்தாள். மறு வருஷம், "நம்ம வீட்டு பிஸ்கட்டுக்கு என்னிக்குமே உப்பு கிடையாதே" என்றாள். என்ன செய்ய, சாப்பிட்டோம்.

சட்டங்களிலேயே பெரிய சட்டம், மாவு வெட்டத் தலைக்கு ஒரு தகர அச்சு, எல்லாம் அக்காவின் பெட்டியில். அத்தானுக்கு நட்சத்திரம், பெரியவனுக்கு மீன், சின்னவளுக்கு இலை, எனக்குக் கால் நசுங்கிய குதிரை. அவரவர் அச்சில் வெட்டியதை அவரவர்தான் தின்னலாம். அச்சு இருந்தால் நீங்கள் குடும்பம், இல்லையென்றால் விருந்தாளி.

என் மனைவிக்கு அச்சு கிடையாது.

கல்யாணமான புதிதில், "முதல்ல பழகிக்கோம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அக்கா அவள் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். அவளும் வட்ட வட்டமாக வெட்டினாள். அடுத்த வருஷமும் டம்ளர். அதற்கடுத்த வருஷமும். வட்டம் பொதுச் சொத்து என்பதால் தபால்காரரும் பக்கத்து வீட்டாரும் அவள் பங்கைத் தின்று தீர்த்தார்கள். ஒரு தடவை அவளே கடையில் பூனை அச்சு ஒன்று வாங்கி வந்தாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு, வால் நிக்காதே" என்று இழுப்பறையில் போட்டுச் சாத்தினாள்.

இந்த வருஷம் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிற காலையில் மனைவி செருப்பைப் போடாமல் நின்றாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரலை."

"ஏன்?"

"தகரத் துண்டுதான், எனக்குத் தெரியாதா? ஆனா அந்த அச்சுப் பெட்டியை மூடும்போதெல்லாம், அந்த வீட்டுக்கு நான் யாருன்னு தோணுது. அழுகையா வருது."

இரண்டு பக்கமும் தலையாட்டியே காலம் தள்ளுகிறவன் நான். அக்காவுக்கு போன் போட்டு, இவளுக்குக் காய்ச்சல் என்று புளுகினேன். மருந்துக்கடைக்காரியிடம் போய்க் காய்ச்சல் என்று சொன்ன என் புத்தியை எதால் அடிப்பது? கொஞ்ச நேரத்தில் பை நிறைய மாத்திரையும் இரண்டு பிள்ளைகளுமாக வாசலில் வந்து இறங்கிவிட்டாள்.

உள்ளே என் மனைவி முழங்கை வரை மாவோடு நின்றிருந்தாள். அக்கா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே."

"இல்ல அண்ணி. கோபம்தான். உங்க பெட்டியில எனக்கு இடமில்ல, அதான் இங்கயே செய்யறேன்."

பிள்ளைகள் அதற்குள் மேசையில் ஏறிவிட்டார்கள். "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வெட்டிக்கோங்க" என்று ஆளுக்கொரு மழுங்கல் கத்தியைக் கொடுத்தாள் என் மனைவி. சின்னவள் எதையோ வெட்டிவிட்டு, "இது மாமாவோட மூக்கு" என்றாள். அது நல்ல பெரிதாகவே இருந்தது.

அக்கா மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "அச்சு கொடுத்துட்டா நீயே தனியா செஞ்சுக்குவே. அப்புறம் என் வீட்டுக்கு எதுக்கு வருவீங்க எல்லாரும்? அந்த பயம்தான்" என்றாள்.

என் மனைவி ஓர் உருண்டை மாவை எடுத்து அக்கா கையில் வைத்தாள்.

"கூப்பிட்டா வருவோம் அண்ணி. இப்ப நீங்க வந்திருக்கீங்க, செய்யுங்க. ஆனா ஒண்ணு, இங்க யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடாது."

அக்கா தலையாட்டினாள். அடுத்த நிமிஷமே என் மனைவி, ஓவனைச் சூடாக்காமலே தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அக்காவின் கை பாதி எழுந்தது. வாய் திறந்தது. பிறகு கையிலிருந்த மாவை ஒரு பிசை பிசைந்து, வாயை மூடிக்கொண்டாள்.

அது இருக்கட்டும். சூடாக்காத ஓவனில் தட்டை வைத்தாள் என்று படித்ததும் உங்களுக்கு உள்ளே என்னவோ பதறியதே, அதைக் கொஞ்சம் கவனித்தீர்களா? "ஐயோ, முதல்ல சூடாக்கணுமே" என்று நாக்கு நுனிவரை வந்ததல்லவா? அக்காவாவது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் உட்கார்ந்திருப்பீர்களா?